யாருடைய தொடர்புகள்?

2006-இல் நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது ஹாஸ்டலுக்கு என் பெயரில் ஒரு வெளிநாட்டுத் தபால் வந்தது. பிரித்தால் உள்ளே உபுண்டு 6.06 என்ற இலவசக் கணினி இயங்குதளத்தின் சிடிகள். சீனியர் ஒருவர் சொன்னாரென்று இணையதளத்தில் முகவரியை எழுதிவிட்டு மறந்தே போயிருந்தேன். சிடிக்கும் காசில்லை, தபாலுக்கும் காசில்லை. "இதுல எங்கயோ ஏமாத்து இருக்குடா" என்று அறைத்தோழன் சிடியை ட்யூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

லேபில் சார் இல்லாத நேரம் பார்த்து ஒன்றைப் போட்டோம். திரை முழுக்கப் பழுப்பு நிறம். மாதிரிக் கோப்புகள் இருந்த அடைவில் ஒரு வீடியோ கிடந்தது. திறந்தால் நெல்சன் மண்டேலா. எங்கள் லேபில் எந்தக் கம்ப்யூட்டருக்கும் ஸ்பீக்கர் கிடையாது. மண்டேலா பேசினார், எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாலு பேர் நின்று அவர் வாயசைவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் ஒருத்தன் வாக்மேன் ஹெட்போன் கொண்டு வந்தான். காதுக்கு ஒருவராக, ரெண்டு ரெண்டு பேராகக் கேட்டோம்.

மண்டேலா சொன்னதன் சாரம் இதுதான். முன்பெல்லாம் வழிப்போக்கன் ஒருவன் ஊருக்குள் வந்து நின்றால் சோறு தண்ணீர் கேட்க வேண்டியதில்லை, நின்றாலே கொடுப்பார்கள். உபுண்டு என்ற சொல்லின் பொருளில் அது ஒரு பக்கம். அதற்காக யாரும் சம்பாதிக்கக் கூடாது என்று ஆகாது. நீ சம்பாதிப்பதில் உன்னைச் சுற்றியிருப்பவர்களும் மேலே வர வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்தச் சிடிகளை உலகமெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தவர் மார்க் ஷட்டில்வொர்த் என்கிற தென்னாப்பிரிக்கர். தன் இணையப் பாதுகாப்பு நிறுவனத்தை 1999 கடைசியில் 50 கோடி டாலருக்கு மேல் விற்றவர். 2002-இல் ரஷ்ய விண்கலத்தில் காசு கட்டி விண்வெளிக்குப் போய்வந்தார். 2004 அக்டோபரில் இந்த இயங்குதளத்தை வெளியிட்டபோது தென்னாப்பிரிக்காவின் சூலு, ஹோசா மக்களின் சொல்லை அதற்கு வைத்தார். மனிதத்தன்மை என்று ஏறக்குறையச் சொல்லலாம். அதற்குப் பின்னால் நிற்கும் பழமொழி: உமுண்டு ங்குமுண்டு ங்கபண்டு. மனிதன் மனிதர்களால் மனிதன். எங்கள் லேபில் இது அரை மணி நேரத்தில் "உமக்குமுண்டு, இங்குமுண்டு, எங்கப்பனுக்குமுண்டு" ஆகிவிட்டது. அடுத்த ரெண்டு வருடம் கேன்டீனில் யார் வடை வாங்கினாலும் இதைச் சொல்லித்தான் கை நீட்டுவோம்.

ஊரில் இதைப் பெருமையாகச் சொன்னபோது தமிழாசிரியர் ஒருவர், "இதைத்தான் நாம ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே சொல்லிட்டோமே" என்று அந்தச் சங்கப் பாடல் வரியைச் சொன்னார். எந்த வரி என்று சொல்லத் தேவையில்லை. எனக்கும் அது போதுமானதாக இருந்தது. ஆப்பிரிக்கத் தத்துவம் என்று ஒன்று இருக்கிறது, அது நல்ல மனசு பற்றியது, நம்மிடமும் அது உண்டு. பதினைந்து வருடம் இதோடு ஓட்டினேன்.

அப்புறம் 2021. இரண்டாம் அலை ஊரடங்கு தளர்ந்த சமயம். ராத்திரி ஒன்பதரைக்குத் தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. என் சித்தி மகன். அவன் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, குறுக்கே சிவப்பு எழுத்தில் 'திருடன்' என்று போட்டிருந்தார்கள். இவர் உங்களை ஜாமீனாகக் காட்டிக் கடன் வாங்கியிருக்கிறார், கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் கட்டவேண்டி வரும் என்று கீழே எழுதியிருந்தது. அரை மணி நேரத்துக்குள் அதே படம் சித்திக்கு, அவன் வேலை பார்த்த கடை முதலாளிக்கு, எப்போதோ வீடு வாடகைக்கு விட்டவருக்கு, போன மாதம் பெண் பார்த்துவிட்டு வந்த வீட்டுக்கு என்று எல்லாருக்கும் போய்விட்டது. அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது.

ஏதோ ஒரு கடன் செயலி. 8,000 ரூபாய் கேட்டிருக்கிறான். பிராசஸிங் என்று பிடித்துக்கொண்டு கையில் வந்தது 5,200. ஏழு நாளில் 8,000 கட்ட வேண்டும். எட்டாவது நாள் படம் கிளம்பிவிட்டது.

"நான் யாரையும் ஜாமீன் போடலண்ணே. அது அலோ கேட்டுச்சு, குடுத்தேன்."

அந்த 'அலோ' எனக்கு நன்றாகவே தெரிந்த ஆள். கல்லூரியில் பிடித்த பழக்கத்தில் இன்றைக்கும் ராத்திரி நேரங்களில் திறமூலச் செயலிகளை (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்) தமிழாக்கும் வேலை செய்கிறேன். செயலி கேட்கும் அனுமதிகளுக்கெல்லாம் தமிழ் எழுதியதில் என் பங்கும் உண்டு. 'உங்கள் தொடர்புகளை அணுக இந்தச் செயலியை அனுமதிக்கவா?' இதில் 'அணுக' என்பதா, 'பார்க்க' என்பதா என்று குழுவில் அரை நாள் சண்டை போட்டோம். 'உங்கள்' என்ற சொல்லைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆங்கிலத்தில் இருந்தது, எழுதிவிட்டோம்.

என் தம்பியின் போனில் என் எண் இருக்கிறது. அந்தச் செயலிக்கு என் எண்ணைக் கொடுக்கலாமா என்று அது அவனைக் கேட்டது, என்னைக் கேட்கவில்லை. பெண் வீட்டாரைக் கேட்கவில்லை. அவன் போனில் இருந்த இருநூற்றுச் சொச்சம் பேரில் ஒருவரையும் கேட்கவில்லை. சட்டப்படி பார்த்தால் அவன் 'சம்மதம்' தெரிவித்துவிட்டான்.

இந்த எரிச்சலில்தான் உபுண்டு பக்கம் மறுபடி போனேன். இந்த முறை கையில் சிக்கியது சபேலோ ம்லாம்பி என்ற கணினி அறிவியலாளர் 2020-இல் ஹார்வர்டில் இருந்தபோது எழுதிய ஒரு நீண்ட கட்டுரை. இன்றைய செயற்கை நுண்ணறிவு மனிதனை எப்படி நினைத்துக்கொள்கிறது என்பதிலிருந்து அவர் தொடங்குகிறார். தனியாக நிற்கிற, கணக்குப் போட்டு முடிவெடுக்கிற ஓர் ஆள். ஐரோப்பா சில நூற்றாண்டுகளாக மனிதனுக்கு வரைந்த படம் அது. அந்தப் படத்தின் மேல் கட்டிய தொழில்நுட்பம் உறவுகளைப் பிடித்து இழுத்து வியாபாரம் செய்யும்போது, அது செய்யும் கெடுதலைச் சொல்ல அந்தப் படத்துக்குள் வார்த்தையே இல்லை என்பதுதான் நான் அவரிடமிருந்து புரிந்துகொண்டது. மனிதன் என்பதே உறவுகளின் நடுவே உண்டாகிற ஒன்று என்று ஆரம்பித்தால், கேள்விகள் வேறு மாதிரி வரும். எத்தியோப்பியாவில் பிறந்த அறிவாற்றல் அறிவியலாளர் அபேபா பிர்ஹானேவும் இதையே வேறு பக்கத்திலிருந்து பிடிக்கிறார். ஒரு கணிப்பு நிரல் யாரைக் காயப்படுத்துகிறது என்பதை அந்தக் காயம் படுகிறவர்களிடமிருந்து தொடங்கிக் கேளுங்கள் என்பார்.

படித்தபோது எனக்கு அந்த 'உங்கள்' நெஞ்சில் இடித்தது. தம்பியின் தொடர்புகள் தம்பியின் சொத்தா? அவன் தனியாகச் சம்மதம் கொடுக்க முடிகிற பொருளா அது?

கென்யாவில் இந்தக் கூத்து நமக்கு முன்பே நடந்திருக்கிறது. போனில் கடன், தவணை தவறினால் தொடர்புப் பட்டியலில் இருக்கும் மாமியாருக்கும் முதலாளிக்கும் அழைப்பு. ஆடிப்போய் 2022-இல் அவர்களின் மத்திய வங்கி இந்த நிறுவனங்களுக்கு உரிமமும் விதிமுறைகளும் கொண்டுவந்தது. 2023-இல் தரவுப் பாதுகாப்பு ஆணையர் ஒரு கடன் நிறுவனத்துக்குக் கிட்டத்தட்ட 30 லட்சம் ஷில்லிங் அபராதம் போட்டார். குற்றம், வேறு ஆட்களின் எண்களைப் பிடித்துத் தொந்தரவு செய்தது. கடன் வாங்காதவரையும் அங்கே பாதிக்கப்பட்டவராகக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். நம் ரிசர்வ் வங்கியும் 2022 செப்டம்பரில் தொடர்புப் பட்டியலைத் தொடக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. தம்பிக்கு ஒரு வருடம் பிந்திவிட்டது.

ஆனால் கென்யாவின் கதையில் எனக்குப் பிடித்தது இதற்கு முந்தைய பாகம். இந்தக் கடன் செயலிகள் ஏறி உட்கார்ந்த முதுகு எம்-பெசா என்ற செல்போன் பணப் பரிமாற்றச் சேவை. 'பெசா' நம் பைசாதான். வணிகர்களோடு கடல் தாண்டிப் போய் சுவாஹிலியில் பணம் என்றே ஆகிவிட்டது. 2005-இல் தைக்காவிலும் நைரோபியிலும் இதைச் சோதனை செய்தபோது திட்டம் வேறு. சிறுகடன் வாங்கியவர்கள் தவணையைப் போனிலேயே கட்டுவதற்கான ஏற்பாடு அது. பிரிட்டிஷ் அரசின் உதவிப் பணம், வோடஃபோனின் பொறியாளர்கள், ஒரு சிறுகடன் நிறுவனம் எல்லாம் சேர்ந்து போட்ட திட்டம். ஜனங்கள் அதைத் தூக்கித் தங்கள் இஷ்டத்துக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஒருவர் தவணையை இன்னொருவர் கட்டினார். ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அனுப்பினார்கள். பயணம் போகிறவர்கள் வழியில் திருடு போகாமலிருக்க இந்த ஊர்க் கடையில் போட்டு அந்த ஊர்க் கடையில் எடுத்துக்கொண்டார்கள். கவனித்துக்கொண்டிருந்தவர்கள் தவணைத் திட்டத்தைக் கைவிட்டு, 2007 மார்ச்சில் 'வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்' என்ற ஒரே வரியோடு சஃபாரிகாம் என்ற கென்யத் தொலைபேசி நிறுவனம் வழியாக வெளியிட்டார்கள்.

மணியார்டர் வாங்கிப் படித்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பொருளாதார அறிஞர்கள் வில்லியம் ஜாக்கும் தவ்னீத் சூரியும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதில் ஒரு நுணுக்கத்தைக் காட்டுகிறது. வேலை போவது, நோய், விளைச்சல் பொய்ப்பது மாதிரி அடி விழுந்தால் எம்-பெசா இல்லாத குடும்பத்தின் செலவு 7 சதவீதம் குறைகிறது, அதாவது சாப்பாட்டிலும் மற்றதிலும் கை சுருங்குகிறது. எம்-பெசா உள்ள குடும்பத்தில் அந்தச் சுருக்கம் தெரியவில்லை. காரணம், தூரத்திலிருக்கும் சொந்தமும் சிநேகிதமும் உடனே அனுப்பிவிடுகிறார்கள்.

ஒரே தொடர்புப் பட்டியல்தான். ஒருவன் விழும்போது அது வலையாக நிற்கிறது. அதே பட்டியலைக் கடன் கொடுத்தவன் கையில் கொடுத்தால் தூக்குக் கயிறு. உறவுக்குள் மனிதன் இருக்கிறான் என்பதைக் கடன் செயலி எழுதியவனும் நன்றாகவே புரிந்து வைத்திருக்கிறான், ஒருவேளை தத்துவப் பேராசிரியர்களைவிட நன்றாக. எட்டாம் நாள் எங்கே அடித்தால் வலிக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் 'நல்ல மனசு' என்பதோடு உபுண்டுவை நிறுத்திக்கொள்வது எனக்கு இப்போது போதவில்லை.

சரி, உபுண்டுவைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவதற்கு முன்னால் ஆப்பிரிக்கத் தத்துவவாதிகளே அதன்மேல் எவ்வளவு கல் எறிந்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். எனக்கு இந்தச் சண்டைதான் அவர்களிடம் மிகவும் பிடித்தது.

1945-இல் பெல்ஜியக் காங்கோவில் ஊழியம் செய்த பிளாசிட் டெம்பெல்ஸ் என்ற பாதிரியார் 'பாண்டு தத்துவம்' என்று ஒரு புத்தகம் எழுதினார். பாண்டு மொழிகள் பேசும் இந்த மக்களிடமும் ஒரு தத்துவம் இருக்கிறது, ஆனால் அது இருப்பது அவர்களுக்கே தெரியாது, நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிற தொனி. அந்தக் காலத்துக்கு இதுவே பெரிய பெருந்தன்மை. பெனின் நாட்டுத் தத்துவவாதி போலின் ஹூன்டோன்ஜி 1970-களில் இந்த வகை எழுத்தையே பிடித்து உலுக்கினார். ஒரு கண்டம் முழுக்க எல்லாரும் ஒரே மாதிரி நினைப்பார்களா? பழமொழிகளைத் தொகுத்துவிட்டால் தத்துவம் ஆகிவிடுமா? ஒருவர் எழுத, இன்னொருவர் பெயர் சொல்லி மறுக்க, அப்படி நடப்பதுதான் தத்துவம் என்றார். 'மனிதன் மனிதர்களால் மனிதன்' என்று டீ-சர்ட்டில் போட்டுக்கொள்வதை அவர் தத்துவம் என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். என் தமிழாசிரியரையும் விட்டிருக்க மாட்டார்.

ஹூன்டோன்ஜி இன்னொன்றும் சொன்னார், தொழில்நுட்பத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. காலனியம் ஆப்பிரிக்காவிலிருந்து கோகோவையும் தாதுவையும் எடுத்துப் போய் வேறிடத்தில் சாக்லேட்டும் இயந்திரமும் செய்தது. அறிவியலிலும் அதுவே நடந்தது: தகவல் இங்கே சேகரிக்கப்படும், அதிலிருந்து கோட்பாடு செய்யும் வேலை பாரிஸிலும் லண்டனிலும் நடக்கும். விடுதலைக்குப் பிறகும் ஆப்பிரிக்க ஆய்வாளன் வெளிநாட்டு வாசகனுக்காகவே, வெளிநாட்டுக் கேள்விகளுக்காகவே வேலை செய்கிறான். இதை வெளிமுகமாக இருத்தல் என்கிற பொருளில் ஒரு சொல்லால் குறித்தார். அவர் 2024 பிப்ரவரியில் இறந்தார். அதற்கு ஒரு வருடம் முன்பு, 2023 ஜனவரியில், சாட்ஜிபிடி-யை ஒழுங்குபடுத்துவதற்காக ஆபாசமும் வன்முறையும் நிறைந்த உரைகளைப் படித்து வகைப்படுத்தும் வேலையை மணிக்கு 2 டாலருக்கும் குறைந்த கூலிக்குக் கென்யத் தொழிலாளர்கள் செய்தார்கள் என்று டைம் இதழ் எழுதியது. ஹூன்டோன்ஜி சொன்னதை விளக்க இதைவிடப் பச்சையான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கோகோ மூட்டைக்காவது துர்நாற்றம் கிடையாது.

உபுண்டு சட்டத்துக்குள்ளும் போயிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 1993 இடைக்கால அரசியலமைப்பின் முடிவுரையில் அந்தச் சொல் வருகிறது: பழிவாங்கல் வேண்டாம், புரிதல் வேண்டும், உபுண்டு வேண்டும் என்கிற பொருளில். 1995 ஜூன் 6 அன்று மக்வான்யானே வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் மரண தண்டனையை ஒருமனதாக ரத்து செய்தார்கள். கொள்ளையில் நான்கு கொலை செய்ததாகத் தண்டிக்கப்பட்டவர்களின் வழக்கு. இவோன் மொகோரோ, பயஸ் லங்கா போன்ற நீதிபதிகள் தங்கள் தீர்ப்புகளில் உபுண்டுவை எடுத்து வைத்து வாதிட்டார்கள். கொலை செய்தவனும் மனித வட்டத்துக்குள்தான் நிற்கிறான், அரசு அவனை அந்த வட்டத்திலிருந்து வெட்டி எறியக் கூடாது என்கிற வாதம். படிக்கும்போது சிலிர்க்கிறது. ஆனால் அடுத்த வருடமே, நிறவெறிக் காலத்தில் கொன்றவர்கள் உண்மையைச் சொன்னால் பொதுமன்னிப்பு என்கிற ஏற்பாட்டை எதிர்த்து, போலீஸ் காவலில் கொல்லப்பட்ட நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிகோவின் குடும்பம் உட்படச் சிலர் அதே நீதிமன்றத்துக்குப் போனார்கள். எங்கள் பிள்ளையைக் கொன்றவன்மேல் வழக்குப் போடும் உரிமையைப் பறிக்காதீர்கள் என்று. தோற்றார்கள். அதே முடிவுரைதான் அங்கேயும் எடுத்துக்காட்டப்பட்டது. 1996-இன் இறுதி அரசியலமைப்பில் உபுண்டு என்ற சொல் இல்லை. இழந்தவனிடம் போய் வட்டத்தைப் பெரிதாக்கு என்று சொல்வது யாருக்குச் சுலபம் என்பதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தான்சானியாவின் முதல் அதிபர் நியரேரேயின் கதை இதைவிடக் கனமானது. அவர் தன் கொள்கைக்கு வைத்த பெயர் உஜமா. குடும்பத்தன்மை, உறவாக இருப்பது என்று பொருள். 1962-இல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு சுவாஹிலிப் பழமொழி வரும்: விருந்தாளிக்கு ரெண்டு நாள், மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு. நம் 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பதற்கு இது ரொம்ப நெருக்கம். மண்டேலாவின் வழிப்போக்கன் நாலாம் நாள் என்ன செய்தான் என்பதற்குப் பதிலும்கூட. 1967 பிப்ரவரியில், சோஷலிசமே நாட்டின் பாதை என்று அறிவித்த அருஷாப் பிரகடனம். பள்ளிக்கூடம், கிணறு, எழுத்தறிவு எல்லாம் உண்மையாகவே வந்தன. ஆனால் ஜனங்கள் தாங்களாகக் கூடி வாழ வரவில்லை என்றதும் 1973-இலிருந்து அரசு அவர்களை லாரியில் ஏற்றிப் புது ஊர்களுக்குக் கொண்டுபோனது. திரும்பிப் போய்விடக் கூடாது என்று சில இடங்களில் பழைய வீட்டைக் கொளுத்தினார்கள். லட்சக்கணக்கானவர்கள் இப்படி இடம் மாறினார்கள். வயல் ஓரிடம், வீடு ஓரிடம், விளைச்சல் படுத்தது. நல்லவர்தான் நியரேரே, அதில் எனக்குச் சந்தேகமில்லை. குடும்பம் என்று சொன்னால் அப்பாவாக யாரோ ஒருவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

கானா நாட்டு குவாமே ஜெக்யே இந்த ஆபத்தைத்தான் சுட்டினார். சமூகம்தான் ஒருவனை ஆளாக்குகிறது என்று முழுக்கச் சொல்லிவிட்டால், சமூகத்தோடு முரண்படுகிறவனுக்கு நிற்க இடம் ஏது? சாதி தாண்டிக் கல்யாணம் பண்ணிய எவரும் நம் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள், தத்துவம் என்ற பெயர் தெரியாமலே.

கானாவின் இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. குவாசி விரேடு, 1931-இல் குமாசியில் பிறந்தவர், 2022-இல் இறந்தார். அவர் செய்யச் சொன்ன காரியம் ரொம்ப எளிமையானது: அந்நிய மொழியில் படித்த ஒரு தத்துவத்தை உன் தாய்மொழியில் போட்டுப் பார், அங்கே அது நிற்கிறதா என்று. பிரெஞ்சுத் தத்துவவாதி டெக்கார்ட்டின் 'நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' என்பதை அவருடைய தாய்மொழியான ஆகானில் சொன்னால் 'இருக்கிறேன்' என்பதற்கு வருகிற 'வோ ஹோ' என்பது 'அங்கே இருப்பது' என்றாகிவிடும். கேட்கிற ஆகான்காரர் உடனே, 'எங்கே?' என்பார். ருவாண்டாவின் அலெக்சிஸ் ககாமே இதே சிக்கலைத் தன் பக்கத்து மொழிகளில் முன்பே பார்த்திருந்தார். இடமில்லாமல், சூழல் இல்லாமல் அந்தரத்தில் இருக்கிற 'நான்' அந்த மொழிகளில் உட்கார மறுக்கிறது. இதனால் டெக்கார்ட் தப்பு என்று ஆகாது. எல்லா மனிதனுக்கும் பொது என்று நினைத்திருந்த ஒன்று ஒரு மொழியின் இலக்கணத்தில் எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

இதைப் படித்த அன்று நானும் செய்து பார்த்தேன். 'நான் இருக்கிறேன்.' தமிழில் சும்மா யாரிடமாவது போய் இதைச் சொல்லிப் பாருங்கள். 'எங்க?' என்பார்கள். இல்லாவிட்டால் பயந்துபோய் 'ஏன், என்ன ஆச்சு?' என்பார்கள். இந்த வாக்கியத்தை நாம் இயல்பாகச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. அந்தப் படம் வந்த ராத்திரி சித்தி அழுதுகொண்டே போன் பண்ணியபோது அம்மா சொன்னது அதைத்தான்: "நான் இருக்கேன்ல, நீ தூங்கு." இதை வைத்துக்கொண்டு ஆகானும் தமிழும் ஒன்று என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். உலகில் பாதி மொழிகள் இப்படி ஏதாவது செய்யும். ஆனால் நான் 'உங்கள் தொடர்புகள்' என்று எழுதியபோது விரேடு சொன்ன காரியத்தைச் செய்யவே இல்லை. ஆங்கிலத்தில் அது ஒருவருடைய உடைமை. தமிழில் போட்டுப் பார்த்தபோது அது இடறியிருக்க வேண்டும். தொடர்பு என்றால் ரெண்டு பக்கம் உண்டு. அது எப்படி என்னுடையது ஆகும்?

செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். மசகானே என்று ஒரு கூட்டம் 2019-இல் தொடங்கியது. சூலுவில் 'சேர்ந்து கட்டுவோம்' என்று பொருள். ஆப்பிரிக்க மொழிகளுக்கு இயந்திர மொழிபெயர்ப்பு செய்ய வேண்டும். இணையத்தில் அந்த மொழிகளில் உரை இல்லை. பெரிய நிறுவனங்களுக்கு அதில் லாபம் இல்லை. அப்படியானால் பேசுகிறவர்களே சேகரிப்போம், மொழிபெயர்ப்போம், நிரல் எழுதுவோம், சரிபார்ப்போம் என்று கிளம்பினார்கள். நிரல் தெரியாத மொழியாளரும் மொழியியல் தெரியாத நிரலாளரும் ஒரே குழுவில். 2020-இல் 30-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கான அடிப்படை முடிவுகளோடு ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. தமிழில் இதே வேலையின் ஓர் ஓரத்தில் கிடப்பவன் என்பதால் ஆர்வமாகத் திறந்தேன். ஆசிரியர் பட்டியல் முதல் பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. முதல் ஆசிரியர் இடத்தில் ஆள் பெயரே இல்லை. கணிதத்தில் 'எல்லாவற்றுக்கும்' என்று குறிக்கிற, தலைகீழாக நிற்கும் அந்த A எழுத்து இருக்கிறது.

ஆராய்ச்சி உலகில் முதல் ஆசிரியர் இடத்துக்காக மனிதர்கள் வருடக்கணக்கில் பேசாமல் போயிருக்கிறார்கள். நானே பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் ஒரு குறியைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கிறார்கள். தகவல் கொடுத்தவன் ஒரு பக்கம், கோட்பாடு செய்பவன் ஒரு பக்கம் என்று ஹூன்டோன்ஜி பிரித்துக் காட்டினாரே, அந்தப் பிரிவினைக்கு உள்ளிருந்தே ஒரு பதில் இது. இதிலும் கோளாறுகள் இருக்கும். சம்பளமில்லாத உழைப்பு எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வி எங்கள் தமிழ்க் குழுவுக்கும் பொருந்தும். ஆனாலும் என் தம்பியின் செயலியை இப்படி ஒரு கூட்டம் கட்டியிருந்தால், அந்த 'அலோ' பொத்தானில் யாராவது ஒருவர் கை வைத்து 'இது யாரோட நம்பர்?' என்று கேட்டிருப்பார் என்று நினைக்கத் தோன்றுகிறது.

அந்த மொழியாக்கத்தை மாற்றலாம் என்று குழுவில் போன வருடம் எழுதினேன். 'உங்கள் தொடர்புகளை' என்பதை 'உங்கள் போனில் உள்ள மற்றவர்களின் எண்களை' என்று. நீளம் அதிகம், பொத்தானுக்கு மேல் இரண்டு வரியில் அடங்காது என்று ஒருவர் சொன்னார். மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பது நம் வேலையா என்று இன்னொருவர். ரெண்டும் நியாயமான ஆட்சேபம்தான். இன்னும் முடிவாகவில்லை.

தம்பியின் கதையை முடித்துவிடுகிறேன். பணத்தைச் சித்தப்பாவும் நானும் ஆளுக்குப் பாதி போட்டுக் கட்டினோம். அதற்குப் பிறகும் நாலு நாள் படம் வந்துகொண்டிருந்தது, அப்புறம் நின்றது. அவன் ஒரு வாரம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. எட்டாவது நாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து போன் பட்டியலில் முதல் பெயரிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. "நான்தான், உங்களுக்கு ஒரு படம் வந்திருக்கும்..." என்று தொடங்குவான். சிலர் எடுக்கவில்லை. பெண் வீட்டார் எடுத்தார்கள், நல்லா இரு தம்பி என்று சொல்லி வைத்துவிட்டார்கள். 'கேஸ் அண்ணன்', 'ஹவுஸ் ஓனர் பழசு', 'மேஸ்திரி புது நம்பர்' என்று அவன் சேமித்து வைத்திருந்த பெயர்களை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் 'பஞ்சர் பைபாஸ்' வந்தது. எப்போதோ ராத்திரி வண்டி நின்றபோது வாங்கி வைத்த எண். அந்த ஆளுக்கு இவன் யாரென்றே நினைவில்லை. தம்பி முழுக்கதையையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பின்னால் கம்ப்ரசர் ஓடும் சத்தம்.

"படம் வந்துச்சு தம்பி. யாருன்னு தெரியாம அழிச்சுட்டேன்" என்றார். அப்புறம், "இன்னும் எவ்வளவு பாக்கி நிக்குது?"

"கட்டியாச்சுண்ணே."

"சரி. டியூப் மாத்தி ரொம்ப நாள் ஆயிருக்குமே, ஒரு நாள் வண்டியக் கொண்டா."